பூசாத சுவர் யாருக்கு அழகு?

கேரளத்தில் ஒரு காலத்தில் எல்லோரும் 'வீட்டில்' வாழவில்லை. நம்பூதிரி வாழ்ந்தது இல்லம். அவரிலும் மேல்தட்டு நம்பூதிரி வாழ்ந்தது மனை. அரசர் வாழ்ந்தது கோவிலகம் அல்லது கொட்டாரம். கோயில் ஊழியம் செய்த சாதிகளுக்கு வாரியம், பிஷாரம். 'வீடு' என்ற சொல் நாயருக்கு. தச்சர், கொல்லர், தட்டார், தீயர் போன்றோருக்குப் புரை அல்லது குடி. வயலில் அடிமையாக உழைத்த செறுமருக்குச் சாளை. பறையருக்குச் சேரி. மலபார் ஆட்சியராக இருந்த வில்லியம் லோகன் 1887இல் வெளிவந்த தன் மலபார் கையேட்டில் இந்தப் பட்டியலைத் தருகிறார்.

சுவர் மண்ணா கல்லா, கூரை ஓலையா ஓடா என்பதை வைத்து வந்த பெயர்கள் இல்லை இவை. உள்ளே வாழ்பவர் யார் என்பதை வைத்து வந்தவை. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கரின் வீட்டைப் பார்க்கப் போனபோது இந்தப் பட்டியல்தான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டின் பெயர் 'தி ஹாம்லெட்'. நாலாஞ்சிறையில் ஒரு பாறைச் சரிவில் இருக்கிறது. இயற்கையோடு இயைந்து கட்டப்பட்ட வீடு என்று இந்தியாவில் யார் பேசத் தொடங்கினாலும் இந்த வீட்டின் பெயர் வந்துவிடும். ஊராட்சி அலுவலகத்தில் வேலையாகப் போய் வரும் எனக்கு 'ஹாம்லெட்' என்ற சொல் வேறு விதமாகப் பழக்கம். தாய்க்கிராமத்திலிருந்து விலகிக் கிடக்கும் குக்கிராமத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பல கோப்புகளில் அது நம் மக்களின் குடியிருப்பாக இருக்கும்.

கட்டடக்கலை படிக்கும் என் சித்தப்பா மகள், தன் வகுப்புத் தோழர்களோடு முன்அனுமதி பெற்றுப் போனாள். "அக்கா, நீயும் வா, நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரம்தானே" என்றாள். போனேன்.

பேக்கரைப் பற்றித் தெரியாத தோழர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். அங்கேயே கட்டடக்கலை படித்தார். குவேக்கர் கிறித்தவர் என்பதால் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவப் பணிக்குப் போனார். திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் காந்தியைச் சந்தித்தார். 1945இல் தொழுநோயாளர்களுக்கான மிஷனின் கட்டடக் கலைஞராக இந்தியாவுக்கு வந்தார். ஊரை விட்டு விலக்கி வைக்கப்பட்டிருந்த தொழுநோயாளர் விடுதிகளை மருத்துவமனைகளாக மாற்றுவது அவருடைய வேலை. 1948இல் மருத்துவர் எலிசபெத்தை மணந்தார். இருவரும் இமயமலைப் பகுதியான பித்தோராகரில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனை நடத்தினார்கள். 1960களில் கேரளத்தின் வாகமண்ணுக்கும், 1970ஐ ஒட்டித் திருவனந்தபுரத்துக்கும் வந்தார்கள். 1990இல் பத்மஸ்ரீ பெற்றார். 2007 ஏப்ரல் 1 அன்று, தொண்ணூறு வயதில் மறைந்தார்.

தீண்டாமைக்கு ஆளான நோயாளிகளோடு வாழ்க்கையைத் தொடங்கிய மனிதர் அவர். அவரை எளிதாகத் தூக்கி எறிந்து பேச எனக்கு விருப்பமில்லை. அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர்கள் பேசாமல் விடுவதைப் பேச வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் வீடு. அந்தச் சரிவு யாரும் வீடு கட்ட வாங்காத இடம். பாறை, தண்ணீர்த் தட்டுப்பாடு. பேக்கர் அங்கே முதலில் மரத்தால் ஒரு சின்னக் குடில் போட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார். பாறையை வெடிவைத்துத் தகர்த்துத் தளம் சமன் செய்யவில்லை. பாறை எங்கே ஏறுகிறதோ அங்கே வீடும் படிகளாக ஏறுகிறது, அது வளைகிற இடத்தில் சுவரும் வளைகிறது. நின்ற மரங்களுக்கு வழிவிட்டிருக்கிறார். சுவரில் கண்ணாடிப் பாட்டில்கள், உடைந்த ஓட்டுத் துண்டுகள், பீங்கான் சில்லுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. இடிக்கப்பட்ட பழைய வீடுகளிலிருந்து எடுத்த மரச் சட்டங்கள் இங்கே மறுபடியும் வேலை செய்கின்றன. சன்னலுக்குப் பதிலாகப் பல இடங்களில் செங்கல் ஜாலி. வெயில் அதன் வழியே பொட்டுப் பொட்டாகத் தரையில் விழுகிறது. சுவர்களுக்குப் பூச்சு இல்லை. மின்சார வயர்களைக்கூடச் சுவருக்குள் ஒளிக்காமல் வெளியே விட்டிருக்கிறார். சாப்பாட்டுக்கென்று பெரிய கூடம் வைக்காமல் அந்தக் குடும்பம் சமையலறையிலேயே சாப்பிட்டிருக்கிறது.

எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிச் செய்திதான். சமையலறை என்பது இந்தியாவில் சாதி குடியிருக்கும் அறை. வீட்டு வாசல் வரை, திண்ணை வரை, நடு அறை வரை வரலாம், அடுப்படிக்கு மட்டும் வரக்கூடாது என்ற கணக்கு இன்றும் பல வீடுகளில் உண்டு. அடுப்படியில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்ட வீடு என்றால் எனக்கு மரியாதை வருகிறது.

அடுத்து நான் நின்றது செங்கல் சுவரின் முன்னால். தென்மாவட்டச் சூளைகளில் கொத்தடிமைகளாக இருந்த குடும்பங்களோடு சில ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். கல் அறுக்கும் வேலையில் கணவன் மனைவியோடு பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் நாளுக்கு ஆயிரம் கல் தேறும். ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. முன்பணம் வாங்கிய குடும்பம் கணக்கு தீரும்வரை வெளியேற முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனாலும் இன்றுவரை வட்டாட்சியர்கள் விடுவிப்புச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் பூசாத சுவரைப் பார்த்தால் எனக்குக் கைகள்தான் முதலில் தெரியும். பூச்சு இந்தக் கைகளை மறைத்துவிடும். பேக்கரின் சுவர் மறைக்கவில்லை. அவர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' என்ற முறையில் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரைவிட ஏறத்தாழ கால் பங்குக் கல் மிச்சம். நடுவில் காற்று நிற்பதால் வெயிலும் உள்ளே அவ்வளவாக இறங்காது. கூரையிலும் இதே புத்திதான். கான்கிரீட் பலகையின் அடிப்பகுதியில், பாரம் தாங்காத இடங்களில், பழைய மங்களூர் ஓடுகளை வைத்து நிரப்பிவிடுவார். கான்கிரீட்டும் குறையும், எடையும் குறையும்.

இவ்வளவும் நல்லவை. எனக்கு நெருடத் தொடங்கியது, கூட வந்த ஒரு மாணவர் சொன்ன வார்த்தையில். சுவரைத் தடவியபடி, "நம்ம பாட்டன் பாட்டி எல்லாரும் இப்படித்தானே வாழ்ந்தாங்க. நாமதான் சிமெண்டுக்குப் போய் கெட்டுப்போயிட்டோம்" என்றார்.

யாருடைய பாட்டி?

என் பாட்டி வாழ்ந்ததும் இயற்கையோடு இயைந்த வீடுதான். மண் சுவர், பனையோலைக் கூரை, சாணி மெழுகிய தரை. எல்லாமே காந்தி சொன்னதாகப் பேக்கர் அடிக்கடி நினைவுகூர்ந்த ஐந்து மைல் தூரத்துக்குள் கிடைத்த பொருட்கள். ஒரு ஆணிகூட வெளியூரிலிருந்து வரவில்லை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓலை மாற்றாவிட்டால் பானை சட்டியெல்லாம் ஒழுகும் இடத்தில் போய் உட்காரும். ஓலை வாங்கக் காசு வேண்டும், அல்லது நிலக்காரர் விளையிலிருந்து வெட்டிக்கொள்ள அவர் மனம் இரங்க வேண்டும். நின்ற மண்ணே அவருடையதுதான். ஒரு வருடம் கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக அறுவடை முடிந்த கையோடு வீட்டைப் பிரிக்கச் சொன்னார்கள். பிரிப்பது எளிதாக இருந்தது. இயற்கைப் பொருட்களால் கட்டியது அல்லவா, ஒரு பகலில் பிரித்துவிடலாம். பாட்டி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சொல்லி முடித்த பிறகு கொஞ்ச நேரம் யாரோடும் பேசமாட்டாள்.

குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண். அந்த அரசில் நாடார்கள்கூட மாடி வைத்து வீடு கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்ற தடைகள் இருந்தன. தோள்சீலைக்காக ரத்தம் சிந்திய மண் இது. அவர்களுக்கே அப்படி என்றால், 1855இல் அடிமைமுறை ஒழிப்பு அறிவிப்பு வரும்வரை வாங்கவும் விற்கவும்பட்ட புலையருக்கும் பறையருக்கும் எப்படிப்பட்ட கூரை வாய்த்திருக்கும்? ஓலைக்குடிசை அவர்களின் 'பாரம்பரியக் கட்டடக்கலை' ஆனது எப்படி என்று இப்போது புரியும். மேலே எழும்ப விடாமல் அமுக்கியதன் உயரம் அது.

மரபுக் கட்டடக்கலையைப் புகழ்கிறவர்கள் இன்னொன்றையும் படிக்க வேண்டும். மயமதம் போன்ற வாஸ்து நூல்கள் நிலத்தையே வருணப்படி பிரிக்கின்றன. பிராமணருக்கு வெள்ளை மண், சத்திரியருக்குச் சிவப்பு, வைசியருக்கு மஞ்சள், சூத்திரருக்குக் கறுப்பு. மண்ணின் மணத்துக்கும் சுவைக்கும்கூட வருணம் உண்டு. அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு நிறமே கிடையாது, நிலமும் கிடையாது. மண்ணின் தன்மை அறிந்து கட்டினார்கள் என்று நமக்குக் கற்பிக்கப்படும் அறிவுக்குள் இதுவும் இருக்கிறது. பேக்கர் இந்த வருணக் கணக்கைப் பின்பற்றியவர் இல்லை. அவருடைய வீட்டைப் பார்த்துவிட்டுப் பழமையின் மீது காதல் கொள்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, இந்தியக் கிராமத்தைக் கொண்டாடும் மனநிலையைக் கடுமையாகச் சாடினார். மண் வாசனையில் மயங்குகிறவர்களுக்கு அது இன்றும் கசக்கும். அவர் தனக்கென்று கட்டிய வீட்டை நினைத்துப் பாருங்கள். பம்பாய் தாதரில், 1930களின் தொடக்கத்தில் எழுந்த ராஜகிருகம். காற்றுக்காகவோ மரத்துக்காகவோ அல்லாமல் புத்தகங்களுக்காகத் திட்டமிட்ட வீடு. வகுப்பறையில் தண்ணீர்ப் பானையைத் தொடவிடாமல் தள்ளி உட்காரவைக்கப்பட்ட பிள்ளை, வளர்ந்து தன் நூலகத்துக்கு ஏற்றபடி அறைகளை அமைத்துக்கொண்டார். அவருடைய தேவை அது, அதற்கேற்ற வீடு அது. கட்டடக்கலை வகுப்புகளில் ராஜகிருகத்தை ஏன் யாரும் பாடமாக நடத்துவதில்லை என்று என் தங்கையிடம் கேட்டேன். அவளுக்கும் பதில் தெரியவில்லை.

சிமெண்டின் மீது நம் மக்களுக்கு இருக்கும் ஆசையை 'நுகர்வு மோகம்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டவர்களின் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். ஓலையும் மூங்கிலும் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பது ஆதிக்கச் சாதிக்குத் தெரியும். அந்தச் செய்தி காதில் விழுந்த ஒவ்வொரு சேரியிலும், அன்று படுக்கப்போன ஒவ்வொரு தாயும் கூரையை அண்ணாந்து பார்த்திருப்பாள். எரியாத கூரை வேண்டும் என்ற ஆசை அங்கிருந்தும் வருகிறது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம் காலனியையும் பக்கத்துக் காலனிகளையும் தாக்கியபோது 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போய் உழைத்துச் சேர்த்த காசில் கட்டிய கல்வீடுகள் அவற்றில் பல. ஓலைவீடாக இருந்தால் எரிப்பார்கள், கல்வீடாகிவிட்டால் அது கண்ணை உறுத்துகிறது என்று எரிப்பார்கள். இந்த நாட்டில் ஒரு தலித் குடும்பம் சுவருக்கு எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதில் இவ்வளவு கணக்கு இருக்கிறது. கட்டுமானப் பொருளின் கார்பன் கணக்கோடு இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஹாம்லெட்டிலிருந்து இறங்கித் தம்பானூர் வந்து, பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸில் காபி குடித்தோம். சுழன்று சுழன்று மேலேறும் செங்கல் கோபுரம், சரிவுத் தரை, சுவரோடு சேர்ந்த மேசைகள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் செங்கல்சூளை. அரசு வைத்த பெயர் ராஜாஜி நகர், ஊர் கூப்பிடுவது செங்கல்சூளை என்றுதான். தலைநகரத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் மக்களில் பலர் அங்கே வாழ்கிறார்கள். பெரும்பகுதி தலித் குடும்பங்கள். 1970களில் அங்கே குடியிருப்புகளை வடிவமைத்தவர்களில் பேக்கரும் ஒருவர். மாணவர்களின் அன்றைய பட்டியலில் அந்த இடம் இல்லை. நானும் தங்கையும் மட்டும் போனோம்.

குமரிப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து அங்கேயே நாற்பது வருடமாக இருக்கும் ஒரு அம்மாவிடம் பேசினோம். மலை மேல் இருக்கும் வீட்டைப் பற்றிச் சொல்லி, கைபேசியில் படங்களைக் காட்டினோம். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு மக்ளே. அவங்க பூசாம விட்டா ஸ்டைலு. நாங்க பூசாம விட்டா காசில்லன்னு அர்த்தம்" என்றார். பிறகு தன் வீட்டு முன்சுவரைக் காட்டினார். மகள் கல்யாணத்துக்கு முன்னால் கடன் வாங்கிப் பூசி, இளம்பச்சை அடித்திருந்தார். பின்சுவர் இன்னும் வெறும் கல்லாக இருந்தது. "பொண்ணு பார்க்க வர்றவங்க பின்னால போய்ப் பார்க்க மாட்டாங்கல்லா?" என்று சிரித்தார்.

இதைவிடத் தெளிவாக என் முதுகலைப் படிப்பில் யாரும் எனக்கு விளக்கியதில்லை. ஒரே சுவர். மலையில் அது ரசனை, செங்கல்சூளையில் அது இல்லாமை. லோகனின் பட்டியல் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவர் யார் என்பதை வைத்துத்தான் சுவருக்கே பெயர்.

கேரளத்தில் இதன் இன்னொரு பெயர் 'லட்சம் வீடு'. 1972இல் அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் முன்னின்று தொடங்கிய ஒரு லட்சம் வீடுகள் திட்டம். நிலமற்றவர்களுக்கு ஊராட்சிதோறும் கட்டியவை. இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரே சுவர் என்று இரட்டை வீடுகளாகப் பல இடங்களில் கட்டினார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் 'லட்சம் வீட்டுக்காரன்', 'காலனிக்காரன்' என்பவை பள்ளிக்கூடங்களில் வசைச் சொற்களாக ஆகிவிட்டன. 2024 ஜூனில் அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன் பதவி விலகும் நாளில் பிறப்பித்த ஆணை, பட்டியலின, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு 'காலனி' என்ற சொல்லைக் கைவிடச் சொன்னது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டிலும் அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெயரை மாற்றுவது நல்லதே. அந்தப் பெயருக்குக் கீழே இருக்கும் மண்ணின் அளவு மாறியிருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

பேக்கர் நாலாஞ்சிறைப் பாறையில் குடியேறிய அதே காலத்தில்தான், 1970 ஜனவரி 1 முதல், கேரளத்தின் நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடே புகழ்ந்த சட்டம். குத்தகைக்காரர்களுக்கு அவர்கள் பயிரிட்ட நிலம் சொந்தமானது. ஆனால் தலித்துகளில் பெரும்பாலோர் குத்தகைக்காரர்கள் கிடையாது, அந்த நிலத்தில் இறங்கி உழைத்த கூலிகள். அவர்களுக்கு 'குடிகிடப்பு' உரிமை என்ற பெயரில் கிடைத்தது குடிசை நின்ற இடம். ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5, பெருநகரில் 3. பிள்ளைகள் வளர்ந்து பிரிந்தபோது அது இரண்டு சென்ட், மூன்று சென்ட் என்று சுருங்கியது. இறந்தவரைப் புதைக்க இடமில்லாமல் சமையலறைத் தரையை உடைத்துப் புதைத்த குடும்பங்களைப் பற்றி அங்கே செய்திகள் வந்திருக்கின்றன. பேக்கர் வீட்டுச் சமையலறையில் குடும்பமே உட்கார்ந்து சாப்பிட்டது என்று கேட்டு மகிழ்ந்த எனக்கு, இந்தச் சமையலறையும் நினைவுக்கு வராமல் இல்லை.

இதற்கெல்லாம் முன்பே அய்யன்காளி கேட்டிருந்தார். 1893இல் தடையை மீறி வில்லுவண்டியில் பொதுச்சாலையில் போன அதே அய்யன்காளி, 1911இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினரானதும் தன் மக்களுக்காகக் கேட்டவற்றில் முதன்மையானது நிலம். அந்தக் கோரிக்கையின் தொடர்ச்சிதான் 2007 ஆகஸ்டில் தொடங்கிய செங்கறைப் போராட்டம். பத்தனம்திட்டை மாவட்டத்தில், ஹாரிசன்ஸ் மலையாளம் நிறுவனத்தின் ரப்பர் தோட்டத்துக்குள் ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்கள் நுழைந்து பிளாஸ்டிக் குடில்கள் போட்டன. பெரும்பாலோர் தலித்துகள். 2009இல் உடன்பாடு ஏற்பட்டு, ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு வெவ்வேறு மாவட்டங்களில் நிலம் ஒதுக்கினார்கள். போய்ப் பார்த்தால் பல இடங்கள் வெறும் பாறை. வழியில்லை, தண்ணீரில்லை, பயிர் வைக்க முடியாது. பலர் திரும்பி வந்துவிட்டார்கள்.

பாறை என்ற சொல்லை இங்கே கவனியுங்கள். ஹாம்லெட்டும் பாறைதான், தண்ணீர் இல்லாத சரிவுதான். அதில் பேக்கர் கட்டியது உலகம் வந்து பார்க்கும் வீடு. செங்கறைக் குடும்பத்துக்குக் கொடுத்ததும் பாறை. அவர்கள் ஏன் அதில் இயற்கையோடு இயைந்து ஒரு வீடு கட்டிக்கொள்ளவில்லை? பேக்கருக்கு அந்தப் பாறையில் உணவு விளைய வேண்டிய தேவை இல்லை. கையில் தொழில் இருந்தது, நகரம் பக்கத்தில் இருந்தது. மனைவி மருத்துவர். ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட அவகாசம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இடத்தை அவரே தேர்ந்தெடுத்தார். மண் விலை தெரிந்த விவசாயக் கூலிக்கு ஒரு அதிகாரி தேர்ந்தெடுத்துக் கொடுத்த பாறை, வீடாக மாறாது.

இயற்கையோடு இயைந்து வாழ்வது என்பது தேர்ந்தெடுக்க முடிந்தவர்களுக்குத்தான் அழகு. தேர்வு இல்லாதவருக்கு அதே ஓலை, அதே மண், அதே பாறை எல்லாமே தண்டனை. ஆகவே நம் சண்டை மண்ணா சிமெண்டா என்பதில் இல்லை. நிலம் யாருக்கு, எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று முடிவெடுப்பவர் யார் என்பதில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் பேக்கர் நமக்கு உதவுகிறார். அவர் ஒரே வரைபடத்தை ஆயிரம் பேருக்குப் போட்டுக் கொடுத்தவர் இல்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து எத்தனை பேர், என்ன வேலை, எப்படிச் சமைப்பீர்கள், எங்கே தூங்குவீர்கள் என்று கேட்டு, இடத்துக்குப் போய்ப் பார்த்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டினார். செலவைக் குறைப்பது ஏழைகளுக்கு மட்டுமான பாடம் என்றும் அவர் நினைக்கவில்லை. திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தில் பொருளாதார அறிஞர்களுக்கும் அதே பூசாத செங்கல், அதே ஜாலி, அதே ஓடு நிரப்பிய கூரையைத்தான் கொடுத்தார். அறிஞர்களின் தலைக்கு மேல் அது இருக்கும்வரை மதிப்பாக இருக்கும் தொழில்நுட்பம், 'மலிவு வீடு' என்ற பெயரோடு நம் தெருவுக்கு வரும்போதுதான் இழிவாகிறது.

நம் ஊர் நிலைமையோடு இதை ஒப்பிடுங்கள். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி, மூன்றரை லட்ச ரூபாய். பழைய தொகுப்பு வீடுகளின் ஒழுகும் கூரைகளோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் வேலை செய்யும் ஊர்களில், கட்டி முடிக்க அந்தப் பணம் போதாமல் மீதிக்குக் குழுக்கடன் வாங்காத குடும்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. சித்திரை வெயிலில் அந்தக் கான்கிரீட் கூரைக்கு அடியில் பகலில் உட்கார முடியாது. கைக்குழந்தைக்காரிகள் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள். கால் பங்குக் கல் மிச்சமாகும், வெயில் குறையும் என்றால் அந்த அறிவு முதலில் வர வேண்டிய இடம் இதுதான். இப்போதோ அது பண்ணை வீடு கட்டுகிறவர்களுக்கும் மலைவாச விடுதிகளுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. எலிப்பொறிக் கட்டு கட்டத் தெரிந்த கொத்தனார்களை அவர்கள் கூடுதல் கூலி கொடுத்து அழைத்துப் போகிறார்கள். அந்தக் கொத்தனார்களில் பலர் நம் காலனியில்தான் இருக்கிறார்கள். தன் கையில் இருக்கும் வித்தையைத் தன் வீட்டில் செய்ய அவர்களுக்கே தயக்கம். அரசுப் பொறியாளர் தவணையை நிறுத்திவிடுவாரோ, பூசாமல் விட்டால் ஊர் என்ன சொல்லுமோ என்ற இரண்டு பயங்கள்.

களப்பணிக்குப் போகும் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு வசதி பற்றிக் கணக்கெடுக்கும் படிவத்தில் சுவர் மண்ணா, செங்கல்லா, கூரை ஓலையா, கான்கிரீட்டா என்று ஒரு பத்தி இருக்கும். அதோடு நிறுத்தாதீர்கள். இன்னும் நான்கு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, எத்தனை சென்ட்? இந்த இடத்தையும் வரைபடத்தையும் நீங்கள் தேர்ந்தெடுத்தீர்களா, கொடுத்ததை வாங்கிக்கொண்டீர்களா? வீட்டுக்கும் சுடுகாட்டுக்கும் பொதுப்பாதை உண்டா? கையில் காசும் நிலமும் இருந்தால் எப்படிப்பட்ட வீடு கட்டுவீர்கள்?

நான்காவது கேள்விக்கு வரும் பதில்களை முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள். செங்கல்சூளை அம்மாவிடமும் அதைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மூணு ரூம். அடுக்களையில சன்னல். முன்னால ஒரு மாவு, ஒரு முருங்கை வைக்க இடம். நாலு பக்கமும் பூசணும். ஆரும் வந்து எறங்கச் சொல்லாத ரேகை வேணும்." மாவு என்றால் மாமரம், ரேகை என்றால் பட்டா. அவர் கேட்பதில் மரமும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது, சிமெண்டும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. இதை வரைபடமாகப் போட்டுக் கொடுக்கும் கட்டடக் கலைஞர்கள் நம்மிலிருந்து வர வேண்டும். என் தங்கைக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. இறுதி ஆண்டுத் திட்டத்துக்கு எதை எடுக்கப் போகிறாய் என்று பேருந்தில் கேட்டேன். கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, அந்த அம்மா சொன்ன மூன்று அறைகளை வரையத் தொடங்கினாள்.

ஜெய்பீம்.